பதித்த பொருள்களின் தேர்வுச் சட்டமும் அளவுப் பிடிகளும்: எங்கே தவறுகிறது?

வரைசட்டம் எழுதியது:

உலாவியில் ஓடும் ஆவண எடிட்டர். உரைக்கு நடுவே படம், அட்டவணை, சார்ட், வீடியோ என நான்கு வகைப் பொருள்களைப் பதிக்கலாம். எதைக் கிளிக் செய்தாலும் சுற்றிலும் ஒரு நீலக் கோடும், கோட்டின் மேல் 8 பிக்சல் சதுரங்கள் எட்டும் தோன்றும். சதுரத்தைப் பிடித்து இழுத்தால் அளவு மாற வேண்டும். (ஹேண்டில் என்பதை இந்த இழையில் பிடி என்றே எழுதுகிறேன்.) சிக்கல்கள் இவை:

- 16 பிக்சல் ஐகானைத் தேர்ந்தெடுத்தால் எட்டுச் சதுரங்களும் சேர்ந்து ஐகானையே மூடிவிடுகின்றன. நகர்த்துவதற்குப் பிடிக்க இடமே இல்லை.
- வீடியோவைக் கிளிக் செய்தால் தேர்வு ஆவதில்லை, ஓடத் தொடங்கிவிடுகிறது.
- நடுவில் நிறுத்திய படத்தின் வலப் பிடியை 100 பிக்சல் இழுத்தால் பிடி 50 பிக்சல்தான் நகர்கிறது. சுட்டி முன்னே போய்விடுகிறது.
- தொடுதிரையில் பிடியை இழுத்தால் சில நேரம் பக்கமே உருள்கிறது.

ஒவ்வொன்றுக்கும் தனித்தனியே ஒட்டுப்போட்டால் போதுமா, அடிப்படை அமைப்பையே மாற்ற வேண்டுமா?


தச்சுக்கோல் எழுதியது:

இரண்டாவதிலிருந்து தொடங்குங்கள். மற்றவை அதற்குப் பிறகுதான்.

பதித்த பொருளுக்கு மூன்று நிலைகள் உண்டு: சும்மா இருப்பது, தேர்வானது, உள்ளே திறந்தது. உங்கள் எடிட்டரில் இரண்டாவதும் மூன்றாவதும் கலந்துவிட்டன. தேர்வான நிலையில் பொருள் ஒரே ஓர் எழுத்தைப் போல: நகர்த்தலாம், அளவு மாற்றலாம், நகலெடுக்கலாம், அழிக்கலாம். உள்ளே திறந்த நிலையில்தான் வீடியோவை ஓட்டுவதும், அட்டவணையின் கட்டத்தில் தட்டச்சு செய்வதும், சார்ட்டின் அச்சைத் திருத்துவதும். அளவுப் பிடிகள் தேர்வான நிலைக்கு உரியவை.

இது பழைய பிரச்சினை. ஒரு செயலியின் பொருளை இன்னொரு செயலியின் ஆவணத்தில் பதிப்பதற்காக 1993-இல் மைக்ரோசாஃப்ட் கொண்டுவந்த ஓ.எல்.இ. 2 இதற்குத் தெளிவான காட்சி மொழியே வகுத்தது. தேர்வான பொருளுக்கு மெல்லிய கோடும் பிடிகளும். அதே இடத்தில் வைத்துத் திருத்தும்போது சுற்றிலும் சாய்கோடிட்ட பட்டை. மைக்ரோசாஃப்டின் எம்.எஃப்.சி. நிரல் நூலகத்தின் சி-ரெக்ட்-டிராக்கர் வகுப்பில் அந்தப் பட்டைக்கும், பிடிகள் சட்டத்துக்கு உள்ளே நிற்பதா வெளியே நிற்பதா என்பதற்கும் தனித்தனி அமைப்புக் கொடிகள் (ஃபிளாக்) உண்டு. அன்றே இது வடிவமைப்பாளர் யோசித்து எடுக்க வேண்டிய முடிவாக இருந்தது. இன்று பலர் யோசிக்காமலே கோட்டின் நடுவில் வைத்துவிடுகிறார்கள்.

அதே காலத்தில் ஆப்பிளின் ஓபன்டாக் என்ற போட்டித் தொழில்நுட்பம் எதிர்த் திசையில் போனது. ஒரே கிளிக்கில் நேராக உள்ளடக்கத்துக்குள் நுழைந்துவிடலாம். பொருளை முழுதாகத் தேர்ந்தெடுக்க அதன் விளிம்பைத் தொட வேண்டும். ஓ.எல்.இ. வழக்கமாக வெளியிலிருந்து உள்ளே போவது: முதல் கிளிக்கில் தேர்வு, இரட்டைக் கிளிக்கில் திறப்பு. இரண்டும் நியாயமானவை, ஆனால் பொருளின் வகையைப் பார்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். என் பரிந்துரை: படம், வீடியோ, சார்ட் மூன்றுக்கும் வெளியிலிருந்து உள்ளே. அட்டவணைக்கு மட்டும் நேராக உள்ளே. கட்டத்தைக் கிளிக் செய்கிறவர் அங்கே எழுதத்தான் வருகிறார். அவரை இரண்டு முறை கிளிக் செய்ய வைப்பது கொடுமை.

வீடியோவுக்கு நடைமுறை இது. அது ஓடும் ஐஃபிரேமின் (பக்கத்துக்குள் வேறொரு பக்கத்தைக் காட்டும் பெட்டி) மேல் ஒளி ஊடுருவும் ஒரு மறைப்பை எப்போதும் வையுங்கள். முதல் கிளிக் மறைப்பில் விழும், பொருள் தேர்வாகும். தேர்வான பிறகு இரட்டைக் கிளிக்கோ என்டரோ வந்தால் மறைப்பை எடுத்துவிட்டு உள்ளே விடுங்கள். எஸ்கேப் ஒரு படி பின்னே வர வேண்டும்: திறந்ததிலிருந்து தேர்வுக்கு, தேர்விலிருந்து பொருளுக்கு அடுத்து நிற்கும் உரைக் குறிக்கு (கர்சர்). ஆனால் குவியம் (ஃபோகஸ்) ஐஃபிரேமுக்குள் போய்விட்டால், வேறு தளத்திலிருந்து வந்த அந்தச் சட்டத்துக்குள் அழுத்தும் எஸ்கேப் உங்கள் எடிட்டருக்கு வந்து சேராது. ஆகவே வெளியே கிளிக் செய்தால் மறைப்பு திரும்ப வருவதையும் உறுதி செய்யுங்கள்.

இன்னொன்று, பலர் விட்டுவிடுவது. பொருளுக்கு முன்னும் பின்னும் உரைக்குறி நிற்க இடம் வேண்டும். ஆவணத்தின் முதல் வரியே ஒரு படம் என்றால் அதற்கு மேலே ஒரு பத்தி எழுத வழி இருக்கிறதா என்று இப்போதே சோதியுங்கள். படத்துக்குப் பின்னால் குறி நிற்கும்போது பேக்ஸ்பேஸ் அழுத்தினால் முதல் அழுத்தலில் படம் தேர்வாகட்டும், இரண்டாவதில் அழியட்டும்.


எட்டுமூலை எழுதியது:

ஐகான் சிக்கலுக்கு வருகிறேன். கண்ணுக்குத் தெரியும் சதுரமும் விரலோ சுட்டியோ பிடிக்கும் பரப்பும் வேறு வேறு. முதலில் இரண்டையும் பிரித்துவிடுங்கள். சதுரம் 8 பிக்சலாகவே இருக்கட்டும். பிடிக்கும் பரப்பு அதைச் சுற்றி, சதுரத்தின் மையத்தையே மையமாகக் கொண்டு விரியட்டும்.

எவ்வளவு விரிய வேண்டும்? வலை அணுகல்தன்மை வழிகாட்டியான டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2 இரண்டாம் தரத்துக்கு (ஏ.ஏ.) 24 க்கு 24 சி.எஸ்.எஸ். பிக்சல் கேட்கிறது. அதன் மூன்றாம் தரம் 44 கேட்கிறது. ஆப்பிளின் வழிகாட்டி 44 பாயின்ட், ஆண்ட்ராய்டின் மெட்டீரியல் வழிகாட்டி 48 டி.பி. (திரையின் அடர்த்திக்கேற்ப மாறும் பிக்சல் அலகு). நான் சுட்டிக்கு 24, விரலுக்கு 44 என்று வைப்பேன். எது வருகிறது என்பதைச் சாதனத்தைப் பார்த்து ஊகிக்காதீர்கள். உலாவி அனுப்பும் பாயின்டர் நிகழ்விலேயே அது மவுஸா, தொடுதலா, பேனாவா என்ற விவரம் இருக்கிறது. தொடுதிரையும் மவுஸும் சேர்ந்த மடிக்கணினியில் ஒரே நிமிடத்துக்குள் இரண்டும் வரும்.

இப்போது சிறிய பொருள். மூலைப் பரப்பு 24 என்றால் அதில் 12 பொருளின் பக்கத்தில் விழுகிறது. இரு மூலைகளுக்கும் சேர்த்து 24. நடுப் பிடிக்கு இன்னொரு 24. ஆக, ஒரு பக்கம் திரையில் 48 பிக்சலுக்குக் கீழே வந்தால் அந்தப் பக்கத்தின் நடுப் பிடியை மறையுங்கள். மூலைகள் மட்டும் இருக்கும்போதும் நகர்த்துவதற்கு நடுவில் குறைந்தது 16 பிக்சலாவது மிச்சம் வேண்டும். எனவே 40-க்குக் கீழே மூலைப் பரப்பை உள்ளே விடாமல் முழுக்க வெளியே தள்ளுங்கள். உங்கள் 16 பிக்சல் ஐகானுக்கு நான்கு மூலைகளும் ஐகானை விட்டு விலகி வெளியே நிற்கும். ஐகான் முழுவதும் நகர்த்தும் பரப்பு. விரலுக்கு இதே கணக்கை 44 வைத்துப் போட்டால் நடுப் பிடி 88-க்குக் கீழே மறையும். எல்லாக் கணக்கும் திரைப் பிக்சலில்தான். ஆவணத்தின் பிக்சலில் போட்டால் பெரிதாக்கிப் பார்க்கும்போது குழம்பிவிடும்.

பரப்புகள் ஒன்றன் மேல் ஒன்று விழும் இடத்தில் யாருக்கு முதலிடம் என்பதையும் நிர்ணயித்துவிடுங்கள்: மூலை, பிறகு பக்கம், பிறகு பொருளின் உடல். சுழற்றும் பிடி இருந்தால் அது மூலைக்கும் வெளியே, ஆகக் கடைசி வளையத்தில்.


நாலாம்வரி எழுதியது:

ஒரு மறுப்பு. வரிக்குள் நிற்கும் ஐகானைச் சுற்றி 24 பிக்சல் பரப்பை வெளியே தள்ளினால், பக்கத்து எழுத்துகளின் மேல் அது விழும். ஐகானை அடுத்த எழுத்தில் குறியை வைக்கக் கிளிக் செய்கிறவர் அறியாமல் ஐகானைப் பெரிதாக்கிவிடுவார்.


எட்டுமூலை எழுதியது:

உண்மை. அதற்கு மூன்று தடுப்புகள். பொருள் தேர்வாகியிருக்கும்போது மட்டுமே அந்தப் பரப்பு உயிரோடு இருக்க வேண்டும். இழுப்பு தொடங்கக் குறைந்தபட்ச நகர்வு வேண்டும்: விண்டோஸில் இயல்பு 4 பிக்சல், ஆண்ட்ராய்டில் தொடு தளர்வு 8 டி.பி. அந்த அளவு நகராமலே விரலையோ பொத்தானையோ எடுத்துவிட்டால் அதை வெறும் கிளிக்காக எடுத்து, கீழே இருக்கும் உரைக்குக் கொடுத்துவிடுங்கள். மூன்றாவது, மிகச் சிறிய பொருளுக்குப் பிடியே வேண்டியதில்லை. டபிள்யூ.சி.ஏ.ஜி.-யிலும், அதே வேலையைச் செய்யும் வேறொரு கட்டுப்பாடு அதே பக்கத்தில் போதிய அளவோடு இருந்தால் சிறிய இலக்குக்கு விலக்கு உண்டு. கருவிப்பட்டையில் அகலத்தை எண்ணாகத் தரும் பெட்டி ஒன்று இருந்தால் வரிக்குள் நிற்கும் ஐகானுக்கு அதுவே நல்ல வழி.


தச்சுக்கோல் எழுதியது:

நடுவில் நிறுத்திய படம் ஏன் பாதி தூரம்தான் வருகிறது என்பது நேரான கணக்கு. அகலத்தை 100 கூட்டுகிறீர்கள். பக்க அமைப்பு அதை இருபுறமும் 50, 50 ஆகப் பங்கிடுகிறது. வலப் பிடி 50-தான் நகர முடியும். தீர்வு, நடுவில் நிற்கும் பொருளுக்கு அகல மாற்றத்தை இரண்டால் பெருக்குவது. வலப்புறம் ஒட்டி நிற்கும் பொருளுக்கு வலப் பக்கமே அசையாது, எனவே அங்கே வலப் பிடியைக் காட்டாதீர்கள்; இடப் பிடி போதும். பொதுவாகச் சொன்னால், அமைப்பு எந்தப் பக்கத்தை ஆணியடித்து வைத்திருக்கிறதோ அந்தப் பக்கத்தின் பிடி பொய் சொல்லும்.

சோதிக்க ஒரே விதி போதும்: அழுத்தியபோது சுட்டிக்குக் கீழே பிடியின் எந்தப் புள்ளி இருந்ததோ, விடும்வரை அதே புள்ளி சுட்டிக்குக் கீழே இருக்க வேண்டும். எதிர் மூலை இம்மியும் அசையக் கூடாது. (நடுவில் நிறுத்திய பொருளுக்கு எதிர் மூலைக்குப் பதில் மையம்.) இது தவறும் இடங்களை வரிசையாகச் சொல்கிறேன்.

பிடித்தவுடன் 5, 6 பிக்சல் துள்ளல்: சுட்டியின் இடத்தையே பிடியின் மையமாக எடுத்துக்கொண்டதால் வருவது. பரப்பு 24 ஆனபின் மையத்திலிருந்து 12 தள்ளிக்கூடப் பிடிப்பார்கள். அழுத்திய கணத்தில் அந்த இடைவெளியைக் குறித்துவைத்துக் கடைசிவரை கழியுங்கள்.

மெல்ல மெல்ல விலகுதல்: ஒவ்வொரு நகர்விலும் சிறு மாற்றத்தைக் கூட்டிக்கொண்டே போவதால். முழு எண்ணாக்கும் பிழை சேர்ந்துகொண்டே போகும். குறைந்தபட்ச அளவில் முட்டித் திரும்பும்போது பிடி சுட்டியை விட்டு நிரந்தரமாகப் பிரிந்துவிடும். எப்போதும் தொடக்க அளவு, தொடக்கப் புள்ளி, இப்போதைய புள்ளி மூன்றிலிருந்தே கணக்கிடுங்கள்.

இழுக்க இழுக்க உரை துள்ளுதல்: உரையோடு ஓடும் பொருளுக்கே உரிய நோய். அகலம் கூடியதும் படம் அடுத்த வரிக்குப் போய்விடுகிறது, பிடி சுட்டியை விட்டு ஓடுகிறது, அந்தப் புதிய இடத்தை வைத்துக் கணக்கிட்டால் மறுபடி பழைய வரிக்கு வருகிறது. படபடவென்று ஆட்டம். வரிக்குள் நிற்கும் பொருளுக்கு இழுக்கும்போது மேலே ஒரு வெற்றுச் சட்டத்தை மட்டும் காட்டுங்கள். விட்டபிறகு உரையை ஒழுங்கு செய்யுங்கள். தனிப் பத்தியாக நிற்கும் படத்துக்கு நேரடியாக மாற்றலாம், அங்கே பொருளின் மேல் பக்கம் அசையாது. இதே காரணத்தால் அங்கே மேல் பிடி சிக்கலானது: உயரம் கீழ்நோக்கித்தான் வளரும், பிடியோ மேல்நோக்கி இழுபடும். ஓடும் உரையில் மேல் பிடிகளை நீக்கிவிடுவதே என் வழக்கம்.

சுழற்றிய பொருள்: சுட்டியின் நகர்வை முதலில் பொருளின் கோணத்துக்கு எதிராகச் சுழற்றி, பொருளின் சொந்த அச்சில் குறுக்கு, நெடுக்கு மாற்றங்களாகப் பிரியுங்கள். அவற்றை அகலத்தோடும் உயரத்தோடும் கூட்டுங்கள். அளவு மாறியதும் எதிர் மூலை அசைந்திருக்கும், ஏனென்றால் சுழற்சி மையத்தைச் சுற்றியது, மையம் இடம் மாறிவிட்டது. அகல மாற்றத்தில் பாதி, உயர மாற்றத்தில் பாதி, இவற்றைப் பிடியின் திசைக்குரிய குறியோடு எடுத்து, பொருளின் கோணத்தில் திரும்பச் சுழற்றி, பழைய மையத்தோடு கூட்டினால் எதிர் மூலை அதே இடத்தில் நிற்கும்.


சுட்டிவால் எழுதியது:

தொடுதிரைல பக்கம் உருளுறதுக்குக் காரணம் டச்-ஆக்‌ஷன். விரல் பட்டா உலாவி என்ன செய்யலாம்னு சொல்ற சி.எஸ்.எஸ். பண்பு அது. பிடிக்கு அதை நன்-னு (none) வைங்க. பிடிக்கு மட்டும்தான், முழுப் படத்துக்கும் வைக்காதீங்க. வெச்சா பெரிய படத்து மேல விரல் வெச்சவங்க பக்கத்தை உருட்டவே முடியாது. அப்புறம், அழுத்தின பிறகு ஸ்கிரிப்ட்ல மாத்துனா எடுபடாது. விரல் படுற அந்த நொடியே உலாவி முடிவு பண்ணிடும். ஸ்டைல்ஷீட்லயே முன்னாடியே இருக்கணும்.

அடுத்து செட்-பாயின்டர்-கேப்ச்சர். பிடி மேல பாயின்டர் டவுன் வந்ததும் கேப்ச்சர் பண்ணுங்க. சுட்டி பிடியை விட்டு வெளிய போனாலும், ஜன்னலைத் தாண்டிப் போனாலும் நிகழ்வுகள் உங்களுக்கே வரும். இதுல ஒரு குழி இருக்கு. இழுத்துக்கிட்டு இருக்கும்போது ரியாக்ட் மாதிரி திரையை வரையுற நூலகம் ஏதாவது அந்தப் பிடியை அழிச்சுப் புதுசா வரைஞ்சா, கேப்ச்சர் அறுந்துடும். லாஸ்ட்-பாயின்டர்-கேப்ச்சர் நிகழ்வு அப்போ பிடிக்கு வராது, டாக்குமென்ட்டுக்குத்தான் வரும். பிடியிலே மட்டும் கேட்டுக்கிட்டு இருந்தீங்கன்னா, இழுப்பு முடிஞ்சதே தெரியாம சட்டம் திரைல தொங்கிக்கிட்டு இருக்கும். அளவு மாறும்போது பிடியோட கீ (அந்த நூலகம் அதை அடையாளம் காணுற பேரு) மாறாம பாத்துக்கங்க, டாக்குமென்ட்லயும் ஒரு காது வைங்க.

பாயின்டர்-கேன்சல் வந்தா அதை "விட்டாச்சு"ன்னு எடுத்துக்காதீங்க. அது ரத்து. தொடக்க அளவுக்குத் திரும்பணும். எஸ்கேப் அடிச்சாலும் அதே பாதை.

படத்துக்கு டிராகபிள் ஃபால்ஸ் போட மறக்காதீங்க. இல்லைனா உலாவி தன்னோட சொந்த இழுப்பை ஆரம்பிச்சு, மங்கலான ஒரு நகல் படம் சுட்டியோட வரும், உங்களுக்கு ஒரு கேன்சல் வந்து சேரும். இழுக்குற நேரத்துக்கு மட்டும் யூசர்-செலக்ட் நன். இல்லைனா பின்னாடி உரை நீலமா தேர்வாகிக்கிட்டே போகும். பக்கத்துல இருக்குற ஐஃபிரேம் எல்லாத்துக்கும் அந்த நேரம் பாயின்டர்-ஈவென்ட்ஸ் நன். வேகமா இழுத்தா சுட்டி அதுக்குள்ள விழுந்து நிகழ்வை அது முழுங்கிடும். ஜேக்வெரி யூ.ஐ.ங்கிற நூலகத்துல இதுக்குன்னே ஐஃபிரேம்-ஃபிக்ஸ்னு ஒரு அமைப்பு இருந்துச்சு, அவ்வளவு பழைய வியாதி இது.


வரைசட்டம் எழுதியது:

நன்றி. இரட்டிப்பாக்கியதும் நடுப் படம் சரியாகிவிட்டது. அகல-உயர விகிதம் பற்றிக் கேட்க வேண்டும். படத்தின் மூலையை இழுத்தால் விகிதம் மாறாமல் வைத்திருக்கிறேன், ஷிஃப்ட் அழுத்தினால் தளர்கிறது. ஆனால் மூலையைக் குறுக்கே மட்டும் இழுத்தால் ஒரு சமயம் வேகமாகவும் ஒரு சமயம் மெதுவாகவும் வளர்வதாகத் தோன்றுகிறது. நடுப் பிடிகள் படத்தை நசுக்குகின்றன, அவை தேவையா என்பதும் புரியவில்லை.


எட்டுமூலை எழுதியது:

வேக மாறுபாடு, அகலத்தையும் உயரத்தையும் ஒப்பிட்டு எது பெரிதோ அதை எடுப்பதால் வருவது. 400 க்கு 300 படம், மூலையைக் குறுக்கே 50 இழுக்கிறீர்கள். பெரியதை எடுத்தால் 450 க்கு 337.5. நெடுக்கே 50 இழுத்தால் உயரம் 350, அதற்கேற்ப அகலம் ஏறத்தாழ 467. அதே 50-க்கு இரண்டு வேகம். இதற்குப் பதில் சுட்டியின் நகர்வை மூலைவிட்டத்தின் மேல் விழச் செய்யுங்கள்: தளர்வான (விகிதம் பூட்டாவிட்டால் வரும்) அகலத்தைத் தொடக்க அகலத்தாலும், தளர்வான உயரத்தைத் தொடக்க உயரத்தாலும் பெருக்கிக் கூட்டி, தொடக்க அகலம், உயரம் இரண்டின் வர்க்கங்களின் கூட்டுத்தொகையால் வகுத்தால் பெருக்கும் விகிதம் கிடைக்கும். குறுக்கே 50-க்கு அது 1.08, படம் 432 க்கு 324. நெடுக்கே 50-க்கு 1.06. கைக்குச் சீராக இருக்கும். சுட்டி மூலைவிட்டத்தை விட்டு விலகினால் பிடி சரியாகச் சுட்டிக்குக் கீழே இராது. விகிதம் பூட்டியிருக்கும்போது அதைத் தவிர்க்க வழியில்லை, தச்சுக்கோல் சொன்ன விதிக்கு இது ஒன்றே விலக்கு.

ஷிஃப்ட் விஷயத்தில் ஒரு எச்சரிக்கை. வெகுகாலமாகப் பல வரைகலைச் செயலிகளில் ஷிஃப்ட் பிடித்தால்தான் விகிதம் பூட்டும். 2018 அக்டோபரில் வந்த ஃபோட்டோஷாப் சி.சி. 2019 அதைத் தலைகீழாக்கியது: பூட்டே இயல்பு, ஷிஃப்ட் தளர்த்தும். கைப்பழக்கம் உள்ளவர்கள் தடுமாறினார்கள். பழைய முறைக்குத் திரும்ப ஒரு அமைப்பும் பிறகு தரப்பட்டது. ஆகவே ஷிஃப்டின் பொருள் "இயல்புக்கு எதிர்" என்று மட்டும் இருக்கட்டும், அந்த இயல்பு பொருளின் வகையைப் பொறுத்தது. படம், வீடியோ பூட்டியவை. சார்ட், வடிவங்கள் தளர்ந்தவை. இழுப்பின் நடுவே ஷிஃப்டை அழுத்தினாலும் விட்டாலும் சுட்டி அசையாமலே சட்டம் உடனே மாற வேண்டும். இதற்கு விசை நிகழ்வையும் கேட்க வேண்டும், பலர் பாயின்டர் நகர்வில் மட்டும் பார்க்கிறார்கள்.


நாலாம்வரி எழுதியது:

நடுப் பிடிகளைப் படத்திலிருந்து எடுத்துவிடுங்கள் என்பேன். புகைப்படத்தை ஒரு பக்கமாக நசுக்க வேண்டிய தேவை யாருக்கும் வருவதில்லை. இருக்கிற பிடியை இழுத்துத்தான் பார்ப்பார்கள், முகம் அகலமாகிவிடும்.


தச்சுக்கோல் எழுதியது:

எடுக்கலாம், அல்லது வெட்டுவதற்குக் கொடுக்கலாம். ஆனால் வெட்டும் பிடி அளவுப் பிடியைப் போலவே இருந்தால் அது இன்னும் மோசம். வெட்டு முறை தனியாக இருக்கட்டும், பிடிகளின் உருவமும் மாறட்டும்: மூலையில் தடித்த மடக்குக் கோடு, பக்கத்தில் சிறு தடித்த கோடு. வெட்டுப்பட்ட பகுதி மங்கலாகத் தெரிய வேண்டும்.

இதில் எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. எட்டுப் பிடிகள் என்பது கட்டாயமல்ல. பொருளுக்கு எந்தத் திசையில் சுதந்திரம் உண்டோ அங்கே மட்டும் பிடி நிற்க வேண்டும். அட்டவணையின் உயரத்தை உள்ளே இருக்கும் உரை தீர்மானிக்கிறது. அதற்கு வலப் பக்கப் பிடி ஒன்று போதும். உயரப் பிடியைக் காட்டிவிட்டு, இழுத்தால் அசையாமல் நிற்க வைப்பது பயனரை ஏமாற்றுவது. படத்துக்கு மூலைகள். சார்ட்டுக்கு எட்டும் பொருந்தும் (ஓடும் உரையில் மேல் பிடிகள் போக), ஏனென்றால் அதன் அச்சுகள் புது அளவுக்கேற்ப மறுபடி வரையப்படும், எழுத்தின் அளவு மாறாது. இழுக்கும்போது சார்ட்டை ஒவ்வொரு அசைவுக்கும் மறுபடி வரைந்தால் திணறும். அதுவரை இருக்கும் படத்தையே நீட்டிக் காட்டி, விட்டதும் ஒரு முறை வரையுங்கள்.

பக்கக் கோடு முழுவதையும் அளவுப் பிடியாக்கலாமா என்று பலர் கேட்பார்கள். உரைப்பெட்டிக்குக் கூடாது. பவர்பாயின்ட்டில் உரைப்பெட்டியின் கோட்டைப் பிடித்தால் பெட்டி நகரும். உள்ளே கிளிக் செய்தால் குறி போய்விடும் என்பதால் நகர்த்தக் கோட்டை விட்டால் வேறு இடமில்லை.


சுட்டிவால் எழுதியது:

ஜூம் பத்தி யாரும் சொல்லலை. பிடிகளைப் பொருளுக்குள்ள பிள்ளையா வெச்சா, 400 சதவீதத்துல பிடி 32 பிக்சலாகும், 25 சதவீதத்துல 2 பிக்சலாகும். எல்லாப் பிடிகளையும் ஆவணத்துக்கு மேல ஒரு தனி அடுக்குல வரையுங்க, பொருளோட திரைச் சட்டத்தைக் கேட்டு அங்க கொண்டுபோய் வைங்க. இழுக்குறப்போ பக்கத்துக் கோட்டோட சட்டம் தானா ஒட்டிக்கிற (ஸ்னாப்) தூரமும் அப்படித்தான், திரைப் பிக்சல்ல 6. ஒட்டினது விடுறதுக்கு 10 வைங்க. ரெண்டும் ஒரே எண்ணா இருந்தா எல்லைல சட்டம் நடுங்கும்.

கர்சர்: சுழற்றின பொருளுக்கு பிடியோட பேரை வெச்சு கர்சர் போடாதீங்க. பிடியோட திசைக் கோணத்தோட பொருளோட கோணத்தைக் கூட்டி, பக்கத்துல இருக்குற 45-க்கு முழுசாக்கி, நாலு இருமுனைக் கர்சர்ல ஒண்ணை எடுங்க. 30 பாகை திரும்பின படத்துல கீழ்-வலது மூலை 45 கூட்டல் 30, 75. அது 90-க்குப் பக்கம், அதனால மேல்-கீழ் கர்சர். இழுப்பு முடியுற வரைக்கும் அந்தக் கர்சரைப் பக்கம் முழுக்கப் போட்டு வைங்க, இல்லைனா வழியில உரை மேல போகும்போது ஐ வடிவமா மாறி மாறி வரும்.


ஒலித்திரை எழுதியது:

இதுவரை பேசியது முழுக்கச் சுட்டிக்கும் விரலுக்கும். இழுக்க முடியாதவர்களுக்கு என்ன வழி? டபிள்யூ.சி.ஏ.ஜி. 2.2-இன் 2.5.7 விதி இரண்டாம் தரத்திலேயே கேட்கிறது: இழுத்துச் செய்யும் எதையும் இழுக்காமல் ஒற்றைச் சுட்டலிலும் செய்ய முடிய வேண்டும். விசைப்பலகை வழி இருக்கிறது என்று சொல்லி இதைத் தட்டிக்கழிக்க முடியாது, இது சுட்டுகிறவர்களுக்கான விதி. தேர்வானதும் வரும் கருவிப்பட்டையில் 25, 50, 75, 100 சதவீதம் என நான்கு பொத்தான்களும் ஓர் எண் பெட்டியும் வைத்தால் முடிந்தது. வைத்தபின் இழுக்க முடிந்தவர்களும் அதைத்தான் அதிகம் நாடுவார்கள், ஒரே ஆவணத்தில் பத்துப் படங்களை ஒரே அகலத்துக்குக் கொண்டுவர அதைவிட எளிய வழி கிடையாது.

விசைப்பலகைக்கு வெறும் அம்பு விசையைப் பறிக்காதீர்கள். எடிட்டரில் அம்பு அழுத்தினால் குறி பொருளைத் தாண்டிப் போக வேண்டும். கருவிப்பட்டையில் "அளவு மாற்று" என்ற பொத்தான் வழியாக ஒரு முறைக்குள் நுழையுங்கள். உள்ளே அம்புக்கு 10 பிக்சல், ஷிஃப்ட் சேர்த்தால் 1. என்டர் ஏற்கும், எஸ்கேப் ரத்து செய்யும். திரை வாசிப்பானுக்கு ஒவ்வொரு அழுத்தலையும் அறிவித்தால் பேச்சு குவிந்துவிடும். விசை நின்று அரை வினாடி கழித்து "அகலம் 320, உயரம் 240" என்று ஒரு முறை சொன்னால் போதும். எட்டுப் பிடிகளையும் எட்டுப் பொத்தான்களாக டேப் வரிசையில் போடாதீர்கள். பத்துப் படம் உள்ள ஆவணத்தைக் கடப்பதே பெரும்பாடாகிவிடும்.

நிறம்: நீலப் பிடி நீல வானத்தின் மேல் கரைந்துபோகும். வெள்ளைச் சதுரம், சுற்றி அடர் கோடு, இரண்டும் சேர்ந்தால் எந்தப் பின்னணியிலும் ஏதாவதொன்று நிற்கும். கட்டுப்பாடுகளின் எல்லைக்கு 3-க்கு 1 மாறுபாடு வேண்டும். விண்டோஸின் உயர் மாறுபாட்டு முறையில் பாக்ஸ்-ஷேடோ (பெட்டி நிழல்) முற்றிலும் நீக்கப்படும், பின்னணி நிறமும் மாற்றப்படும். தேர்வுக் கோட்டை பாக்ஸ்-ஷேடோவால் வரைந்திருந்தால் அங்கே தேர்வே தெரியாது. பார்டராலோ அவுட்லைனாலோ வரையுங்கள்.


வரைசட்டம் எழுதியது:

பிடிகளைத் தனி அடுக்குக்கு மாற்றிவிட்டேன், நிலைகளையும் பிரித்துவிட்டேன். மிச்சம் இரண்டு. அகலமான அட்டவணை தனக்குள் உருளும் பெட்டியில் இருக்கிறது. அதன் கட்டத்துக்குள் ஒரு படம். பெட்டியை உருட்டினால் படம் உள்ளே மறைகிறது, பிடிகள் மட்டும் வெளியே மிதக்கின்றன. இரண்டாவது, அன்டூ அழுத்தினால் படம் ஒவ்வொரு பிக்சலாகச் சுருங்குகிறது.


தச்சுக்கோல் எழுதியது:

முதலாவது, தனி அடுக்குக்குக் கொடுக்கும் விலை. பொருளின் சட்டத்தை அதன் மேலே இருக்கும் உருளும் பெட்டிகள் ஒவ்வொன்றின் சட்டத்தோடும் வெட்டிப் பாருங்கள். மிச்சமாகும் பகுதிக்கு வெளியே விழும் பிடிகளை மறையுங்கள். எதுவும் மிஞ்சாவிட்டால் சட்டத்தையே மறையுங்கள், ஆனால் தேர்வை நீக்கிவிடாதீர்கள். உருளும் நிகழ்வு பெட்டியிலிருந்து மேலே குமிழாது (ஏறி வராது), ஆகவே டாக்குமென்ட்டில் கேப்ச்சர் கட்டத்தில், அதாவது நிகழ்வு மேலிருந்து கீழே இறங்கும்போதே, கேளுங்கள். பொருளின் அளவுக்கு ரிசைஸ்-அப்சர்வர் (அளவு மாறினால் அறிவிக்கும் உலாவி வசதி). அது இடம் மாறுவதைச் சொல்லாது: மேலே ஒரு படம் தாமதமாக இறங்கினாலும், எழுத்துரு வந்து வரிகள் நகர்ந்தாலும் பொருளின் அளவு அதேதான், இடம்தான் வேறு. தேர்வு இருக்கும் வரை திரை புதுப்பிக்கப்படும் ஒவ்வொரு முறையும் இடத்தைக் கேட்டு, மாறியிருந்தால் மட்டும் எழுதுவது எளிய, நம்பகமான வழி. ஒரே ஒரு பொருளின் இடத்தைக் கேட்பது பெரிய செலவில்லை.

இரண்டாவதுக்கு, இழுக்கும்போது ஆவணத்தையே தொடாதீர்கள். முன்னோட்டம் மேலடுக்கில் அல்லது தற்காலிக ஸ்டைலில் மட்டும். விட்டதும் ஒரே மாற்றமாக ஆவணத்தில் எழுதுங்கள், ஒரே அன்டூ. அளவு மாறாமலே விட்டிருந்தால் எதையும் எழுத வேண்டாம், இல்லாவிட்டால் ஒன்றுமே செய்யாத ஓர் அன்டூ படி வரலாற்றில் உட்கார்ந்துவிடும்.

பலர் சேர்ந்து திருத்தும் ஆவணம் என்றால் இதே பிரிப்பு இன்னொரு வேலையும் செய்யும். இழுப்பின் நடுவே வேறொருவர் மேலே ஒரு பத்தி சேர்த்தால் உங்கள் படத்தின் இட எண் மாறிவிடும். அழுத்தியபோது குறித்த எண்ணில் எழுதினால் வேறொரு படத்தின் அகலம் மாறும். பொருளின் நிலையான அடையாளத்தை வைத்தே எழுதுங்கள். அந்தப் பொருளையே அவர் அழித்துவிட்டிருந்தால் இழுப்பை அந்தக் கணமே ரத்து செய்யுங்கள், பிடி விடப்படும்வரை காத்திருக்க வேண்டாம்.


வரைசட்டம் எழுதியது:

எழுதும்போது அகலத்தைப் பிக்சலில் வைப்பதா, சதவீதத்திலா?


எட்டுமூலை எழுதியது:

பத்தியோடு அகலம் மாறும் பொருள்களுக்குப் பத்தியின் அகலத்தில் சதவீதம், இரண்டு தசமம் வரை. உயரத்தை எழுதாதீர்கள், விகிதத்தை எழுதுங்கள். குறுகிய திரையில் அகலம் 100 சதவீதத்துக்கு மட்டுப்படும்போது பிக்சல் உயரம் அப்படியே நின்று படத்தை நசுக்கும். வரிக்குள் நிற்கும் ஐகானுக்கு மட்டும் எழுத்தின் அளவோடு சேர்ந்து மாறும் ஈ.எம். அலகு. இழுக்கும்போது காட்டும் எண்ணும் எழுதப்போகும் அலகிலேயே இருக்கட்டும்: 62.5 சதவீதம் என்று எழுதப்போகிற இடத்தில் 450 பிக்சல் என்று காட்டினால், அதே ஆவணத்தை வேறு திரையில் திறக்கிறவருக்கு அந்த எண் பொருந்தாது. விரலால் இழுக்கும்போது அந்த எண்ணைப் பிடிக்குக் கீழே வைக்காமல் பொருளின் மேல் பக்கத்தில் வையுங்கள், கீழே வைத்தால் கை மறைத்துவிடும்.